ஓரெழுத்து மாறிய நொதி: காசநோய்க் கிருமியிடம் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி

(சங்கரன்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நுண்ணுயிரியின் நொதி, மரபணு வேறுபாடு என்றெல்லாம் தலைப்பைப் பார்த்ததும், இது கல்லூரி ஆய்வகத்துக்குள் நடக்க வேண்டிய பேச்சு, பொது மன்றத்தில் எதற்கு என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது காசநோய். சங்கரன்கோவில் விசைத்தறி ஓடும் ஊர். காற்றோட்டம் குறைந்த கூடங்களில் பல மணி நேரம் ஒன்றாக நின்று உழைப்பவர்கள் வாழும் ஊர். இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளி கொடுக்கிறோம். சளியில் கிருமி இருந்தால் ஆறு மாதம் மாத்திரை. அந்த ஆறு மாதம் பலன் தருமா, பாதியில் கைவிட்டுவிடுமா என்பதை நோயாளியின் ஒழுங்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. கிருமிக்குள் இருக்கும் ஒரு நொதியின் மரபணுவில் ஓரெழுத்து எப்படி இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அந்த எழுத்து மாறியிருப்பதாலேயே நோயாளியின் கதை முடிந்துவிடாது. அதைப் படிக்காமல் மாதக் கணக்கில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. ஆகவே, ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்று பார்ப்பதோடு நிற்காமல், ஐசோனியசிட் என்ற மருந்துக்கும் கட்டுப்படுமா என்று தொடக்கத்திலேயே கேட்டு விடை வாங்கிவிட வேண்டும். இதுதான் என் வாதம். அதற்கான சான்றுகளில் முக்கியமான சில நம் சென்னையிலேயே கிடைத்தவை.

ஐசோனியசிட் பழைய மருந்து. 1912இல் பிராக் நகரில் இரண்டு வேதியியலாளர்கள் அதைத் தயாரித்தார்கள். எதற்குப் பயன்படும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1952இல்தான் அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பது வெளிவந்தது. மலிவானது, ஊசி தேவையில்லை, வாயால் விழுங்கலாம் என்பதால் ஏழை நாடுகளுக்குக் கிடைத்த வரமாக அது இருந்தது. கிருமியை எப்படிக் கொல்கிறது என்பது மட்டும் நெடுநாள் புதிராகவே இருந்தது. 1992இல் வெளியான ஆய்வு அந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியது. மாத்திரையாக உள்ளே போகும் ஐசோனியசிட்டுக்குத் தன்னளவில் கிருமியைக் கொல்லும் ஆற்றல் கிடையாது. கிருமியின் சொந்த நொதி ஒன்று, கேட்-ஜி என்ற கேட்டலேஸ்-பெராக்சிடேஸ், அதை மாற்றிய பிறகே அது நஞ்சாகிறது. அப்படி மாறிய மருந்து இன்-எச்-ஏ என்ற இன்னொரு நொதியில் போய் அடைத்துக்கொள்கிறது. அந்த நொதி நின்றால் மைக்காலிக் அமிலம் உருவாகாது, மைக்காலிக் அமிலம் இல்லாமல் கிருமியால் தன் மெழுகுச் சுவரைக் கட்ட முடியாது, கிருமி சாகிறது. தன் தலையில் தானே கைவைத்துச் சாம்பலான பஸ்மாசுரன் கதையை, அரியும் சிவனும் ஒன்றாய் நிற்கும் இந்த ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஐசோனியசிட் செய்யும் வேலை அதுதான். கிருமியின் கையைக் கொண்டே அதன் தலையைத் தொட வைக்கிறது.

அந்தக் கை கிருமிக்கு எதற்கு இருக்கிறது என்று கேட்க வேண்டும். நம் உடலின் விழுங்கணுக்கள் கிருமியை விழுங்கியதும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து அதைக் கொல்லப் பார்க்கின்றன. கேட்-ஜி அந்தப் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துக் கிருமியைக் காப்பாற்றுகிறது. நம்மிடமிருந்து தப்பிக்கக் கிருமி வைத்திருக்கும் கேடயமும், நம் மருந்தை நஞ்சாக்கித் தரும் கருவியும் ஒரே நொதிதான். ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முட்டையும் மலக்கைட் பச்சைச் சாயமும் சேர்த்துக் குழாயில் சாய்வாக உறைய வைத்த லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தின் மேல் நோயாளியின் சளியைப் பதப்படுத்தி இடுகிறார்கள். மூன்று முதல் எட்டு வாரம் காத்திருந்தால், பச்சைப் பரப்பின் மேல் வெளிர் மஞ்சள் நிறத்தில், சொரசொரப்பான திட்டுகளாகக் கிருமி வளர்ந்து நிற்கும். அதன் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடுக் கரைசலை விட்டால் நொதியுள்ள கிருமி குபுகுபுவென்று நுரை தள்ளும். குழாயில் நுரை ஏறும் உயரத்தை அளந்தே நொதியின் வலிமையைக் கணிப்பார்கள். நொதியை இழந்த கிருமியின் மேல் அந்தக் கரைசல் அசையாமல் கிடக்கும்.

1950களில் அமெரிக்காவின் டென்வரில் மிடில்புரூக் என்ற ஆய்வாளர் கவனித்தது இதைத்தான். ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமிகளில் பல நுரை தள்ளவில்லை. அந்தக் கிருமிகளைக் கினிப்பன்றிக்குச் செலுத்தினால் நோயும் வலுவாக வரவில்லை. கேடயத்தை எறிந்துவிட்டு மருந்திலிருந்து தப்பிய கிருமி, உடலின் தாக்குதலுக்கு முன் நிற்க முடியாமல் போகிறது என்று இதற்குப் பொருள் கொண்டார்கள். அப்படியானால் எதிர்ப்புக் கிருமியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற ஆறுதல் பிறந்தது. மருந்துக்கு எதிர்ப்பு வந்தால் கிருமி பலவீனமாகும் என்ற எண்ணம் இன்றும் சில இடங்களில் உலவுகிறது. என் வாதத்துக்கு எதிரான முதல் மறுப்பு இதுதான் என்பதால் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிருமியின் பலத்தைக் கினிப்பன்றி சரியாகச் சொல்கிறதா என்ற கேள்விக்கு விடை சென்னையிலிருந்து வந்தது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் அரசு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சிதான். வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருந்து சாப்பிட்டதற்கு நிகராகக் குணம் கிடைக்கும் என்று 1959இல் உலகுக்கு நிரூபித்த இடம் அது. அதன் பெருமையாக அந்த ஆய்வையே எல்லோரும் சொல்வார்கள். அதே காலத்தில் அங்கே நடந்த இன்னொரு வேலை நம் பேச்சுக்கு முக்கியமானது. சிகிச்சை தொடங்குமுன் தென்னிந்திய நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்த கிருமிகளையும் பிரிட்டன் நோயாளிகளின் கிருமிகளையும் டெனிஸ் மிட்சிசனும் சென்னை ஆய்வாளர்களும் கினிப்பன்றிகளில் வைத்து ஒப்பிட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் முடிவுகள் வெளிவந்தன. நம் பகுதிக் கிருமிகளில் பெரும்பங்கு கினிப்பன்றியில் வலுக்குறைந்தவையாக இருந்தன. வலுக்குறைந்த கிருமிகள் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு எளிதில் மடிந்தன. இவை ஐசோனியசிட்டுக்கு எதிர்ப்பு பெற்றவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்தைக் கண்ணால் காணாத, இயல்பான கிருமிகள். கினிப்பன்றியை நம்பினால் தென்னிந்தியாவில் காசநோய் லேசான நோயாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கிருமிகள் வந்ததே நுரையீரலில் நோய் முற்றி, சளியில் கிருமி கக்கிக்கொண்டிருந்த மனிதர்களிடமிருந்து. விலங்கில் மெலிந்து நின்ற கிருமிக்கு மனிதனின் மார்பில் குழி பறிக்கத் தடையேதும் இருக்கவில்லை. ஒரு சோதனையில் கிருமி பலவீனமாகத் தெரிவதை வைத்து, மனிதருக்குள்ளும் அது பலவீனமாகவே இருக்கும் என்று முடிவு கட்ட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

தொழுநோயும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2001இல் தொழுநோய்க் கிருமியின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. அதற்கு ஆதாரமான கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது. அதனாலேயே அறிவியல் உலகில் அதன் பெயர் டி.என். அந்தக் கிருமியில் வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. செத்துப்போய் எலும்புக்கூடாகக் கிடப்பவை 1,100க்கும் மேல். செத்தவற்றில் கேட்-ஜியும் ஒன்று. அதனால் தொழுநோய்க்கு ஐசோனியசிட் உதவுவதில்லை. கேட்-ஜி இல்லாமலேயே ஒரு கிருமி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனித இனத்தை வாட்டி வந்திருக்கிறது. காசநோய்க் கிருமியும் நொதியை முழுவதும் இழந்தால் சும்மா இருப்பதில்லை. 1996இல் தெரியவந்தபடி, அப்படி இழந்த கிருமிகளில் சில ஏ.எச்.பி.-சி என்ற வேறொரு நொதியை அதிகமாகச் சுரந்து குறையை ஈடுகட்டிக்கொள்கின்றன.

உண்மையில், நம் நோயாளிகளிடம் காணப்படும் எதிர்ப்புக் கிருமிகள் பெரும்பாலும் நொதியை இழப்பதே இல்லை. இங்கேதான் தலைப்பில் சொன்ன ஓரெழுத்து வருகிறது. காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி சுமார் 44 லட்சம் எழுத்துகள் கொண்டது. 1998இல் அதை முழுதாகப் படித்தார்கள். அதில் கேட்-ஜி மரபணு 2,223 எழுத்துகள். அதன்படி உருவாகும் நொதி 740 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அந்த மரபணுவின் 944ஆவது எழுத்து 'ஜி' என்று இருக்க வேண்டும். அது 'சி' ஆகிவிட்டால், சங்கிலியின் 315ஆவது இடத்தில் செரின் போய்த் திரியோனின் உட்காருகிறது. இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறியது. ஒரு கரியணுவும் அதைச் சுற்றிச் சில ஹைட்ரஜனும் திரியோனினில் கூடுதல். ஆனால் அந்த இடம் நொதியின் நடுக்குழிக்குப் போகும் இடுக்கான வழியின் ஓரத்தில் இருக்கிறது. கூடுதலான அந்தத் துளி வழியை மேலும் இடுக்காக்கிவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு சின்ன மூலக்கூறு. அது தாராளமாக உள்ளே போய் உடைபடுகிறது. ஐசோனியசிட் அதைவிடப் பெரிது; அதற்குச் சரியாகப் பொருந்த இடமில்லை. கேடயம் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, மருந்தை நஞ்சாக்கும் வேலை மட்டும் நின்றுபோகிறது. உலகெங்கும் ஐசோனியசிட் எதிர்ப்புள்ள கிருமிகளில் பாதிக்கும் மேலானவற்றில் இந்த ஒரே இடத்தில் மாற்றம் இருப்பது தற்செயல் அன்று. நொதியைக் கெடுக்க நூறு வழி உண்டு. நொதியைக் கெடுக்காமல் மருந்தை மட்டும் தடுக்கக் கிருமிக்குக் கிடைத்த நல்ல வழி இது. இந்த மாற்றம் கொண்ட கிருமி சுண்டெலியில் நோய் உண்டாக்கும் வலிமையை இழக்கவில்லை என்று 2002இல் பிம், ஸ்டூவர்ட் கோல் முதலியோர் காட்டினார்கள். எதிர்ப்பு வந்த கிருமி நலிந்த கிருமி என்ற பழைய ஆறுதலுக்கு இதோடு இடமில்லாமல் போகிறது.

அடுத்த மறுப்பு இன்னும் நுட்பமானது, மதிக்கத்தக்கது. மரபணுவில் ஓரெழுத்து மாறியிருந்தால் உடனே எதிர்ப்பு என்று முத்திரை குத்தலாமா? எல்லா மாற்றமும் நோயைப் பாதிக்குமா? பாதிக்காது. இதற்கும் சான்று கேட்-ஜிக்குள்ளேயே இருக்கிறது. 315ஐத் தாண்டி 463ஆவது இடத்துக்கு வாருங்கள். உலகம் முழுவதும் ஒப்பிடப் பயன்படும் மாதிரிக் கிருமியின் பெயர் எச்37ஆர்வி. அது 1905இல் நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் லேக் சானடோரியத்தில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியின் வழித்தோன்றல். அதில் 463ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருக்கிறது. தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும், முதலாம் மரபுவழி என்று அழைக்கப்படும் கிருமிக் குடும்பத்தில் அந்த இடத்தில் லூசின் இருக்கிறது. எச்37ஆர்வியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு நம் ஊர்க் கிருமிகள் எல்லாம் திரிந்தவைபோலத் தெரிந்தன. 463ஐ மருந்து எதிர்ப்பின் அடையாளம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. 1997இல் ஸ்ரீவத்சனும் உடன் ஆய்வாளர்களும் நூற்றுக்கணக்கான கிருமிகளை அலசி, இது எதிர்ப்போடு தொடர்பில்லாத, பரம்பரையாக வரும் வேறுபாடு என்று காட்டினார்கள். மாட்டுக் காசநோய்க் கிருமியிலும் அந்த இடத்தில் லூசின்தான். ஆக, பழைய வடிவம் நம்மிடம் இருப்பது. பிற்காலத்தில் மாறியது அமெரிக்க மாதிரியில் இருப்பது. ஒரே நொதியில் 315இல் நேரும் மாற்றம் சிகிச்சையையே புரட்டிப் போடுகிறது. 463இல் உள்ள வேறுபாடு ஒன்றும் செய்வதில்லை.

இந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்துவதாக நான் கருதவில்லை; அதைச் செம்மைப்படுத்துகிறது. எந்த எழுத்து, எந்த இடத்தில், எந்தக் குடும்பக் கிருமியில் என்று தெரியாமல் 'மாற்றம் இருக்கிறது' என்று மட்டும் சொல்வது அரைகுறை அறிவு. முழுதாகப் படித்தால் சிகிச்சைக்கே பயன்படும். 315இல் மாற்றம் என்றால் எதிர்ப்பு கடுமையானது. இன்-எச்-ஏ மரபணுவுக்கு முன்னால் உள்ள பகுதியில் மாற்றம் என்றால் எதிர்ப்பு பெரும்பாலும் மிதமானது. ஐசோனியசிட்டின் அளவைக் கூட்டினால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் எத்தியோனமைடு என்ற வேறொரு மருந்து பலன் இழக்கும். இந்த அறிவை உலக சுகாதார நிறுவனம் ஒரு பட்டியலாகத் தொகுத்திருக்கிறது. 2021இல் 38,000க்கும் மேற்பட்ட கிருமிகளின் மரபணுக்களிலிருந்தும், 2023இல் 52,000க்கும் மேற்பட்டவற்றிலிருந்தும். அதில் நம் ஊர்க் கிருமிகளின் பங்கு பெருக வேண்டும். சாரனாக் லேக் கிருமியின் அளவுகோலை மட்டும் வைத்துத் திருநெல்வேலி, தென்காசிச் சீமைக் கிருமியை அளந்தால் 463இல் நேர்ந்த குழப்பம் வேறு இடங்களிலும் நேரும். உயிரியல் படிக்கும் மாணவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் செய்யத்தக்க வேலை இதில் இருக்கிறது.

இனி, எதிர்ப்புக் கிருமி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மருந்து கிருமியை மாற்றுவதில்லை. ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமி ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று இயல்பாகவே இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, அந்தச் சில மட்டும் பிழைத்துப் பெருகும். சென்னை மையம் ஐசோனியசிட்டைத் தனியாகவும், பாஸ் என்ற மருந்தோடு சேர்த்தும் கொடுத்து ஒப்பிட்டு 1960இல் வெளியிட்ட ஆய்வில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. சேர்த்துக் கொடுத்ததே சிறந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையின் அடிப்படையே இதுதான். நான்கு மருந்து கொடுக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கையில் அவற்றில் ஒன்று தொடக்கத்திலிருந்தே வேலை செய்யவில்லை என்றால், காவலில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. இந்தியாவில் 2014 முதல் 2016 வரை நடந்த தேசிய அளவிலான ஆய்வில், புதிய நோயாளிகளில் 11.06 விழுக்காட்டினரிடமும் முன்பே சிகிச்சை பெற்றவர்களில் 25.09 விழுக்காட்டினரிடமும் ஐசோனியசிட் எதிர்ப்பு இருந்தது. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் எதிர்ப்பு இருந்தவர்கள் புதியவர்களில் 2.84 விழுக்காடு. முதல் எண்ணிலிருந்து மூன்றாம் எண்ணைக் கழித்துப் பாருங்கள். புதிதாக நோய் கண்ட நூறு பேரில் சுமார் எட்டுப் பேருக்கு ஐசோனியசிட் கேட்காது, ரிஃபாம்பிசின் கேட்கும்.

அந்த எட்டுப் பேரும் நம் கண்ணில் படாமல் போகக்கூடியவர்கள். மருத்துவமனைகளில் சீபி-நாட், ட்ரூநாட் என்ற பெயர்களில் இருக்கும் விரைவுக் கருவிகள் அருமையானவை. முன்பு வாரக் கணக்கில் காத்திருந்து பெற்ற விடையைச் சில மணி நேரத்தில் தருகின்றன. அவற்றை இந்த அளவுக்குப் பரவலாக்கியது பெரிய சாதனை. ஆனால் பரவலாகப் பயன்படும் வழக்கமான சோதனை கேட்பது இரண்டே கேள்வி: காசநோய்க் கிருமி இருக்கிறதா? ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா? 'ரிஃபாம்பிசின் கேட்கும்' என்ற விடை வந்ததும் எல்லாம் சரி என்று மனம் அமைதியாகிவிடுகிறது. ஐசோனியசிட்டைப் பற்றி அறிய இரண்டாவது சளி மாதிரியை எல்.பி.ஏ. என்ற சோதனைக்கு, வசதியுள்ள பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கேட்-ஜியின் 315ஆவது இடத்தையும் இன்-எச்-ஏயின் முன்பகுதியையும் படித்துச் சொல்வது அந்தச் சோதனைதான். தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதிகளே இதைச் செய்யச் சொல்கின்றன. நல்ல விதி. விதி தாளில் இருப்பதற்கும், ஒரு தறித் தொழிலாளியின் இரண்டாவது சளிக்குப்பி உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்து, விடை அவருடைய மருத்துவர் கைக்கு வந்து, மருந்து மாற்றப்படுவதற்கும் இடையே எத்தனை கைகள் ஒத்துழைக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சங்கிலியில் எங்கு கண்ணி விட்டாலும் நோயாளிக்குத் தெரியவராது.

தெரியவராமல் போனால் என்ன ஆகும்? ஐசோனியசிட் எதிர்ப்புள்ள நோயாளிக்கு வழக்கமான மருந்துகளையே கொடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு கட்டுரை வெளியானது. அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பேரின் கிருமி மேலும் எதிர்ப்பு பெற்றது. சாதாரணக் கிருமி உள்ளவர்களில் அப்படி ஆனது நூற்றுக்கு ஒருவருக்குத்தான். நம் திட்டத்தில் கடைசி நான்கு மாதமும் எத்தாம்பியூட்டாலைச் சேர்த்துக் கொடுப்பதே இந்த ஓட்டையை அடைக்கத்தான். அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. ஆனால் எத்தாம்பியூட்டால் கிருமியை வளரவிடாமல் பிடித்து வைக்கும் மருந்து, கொன்று தீர்க்கும் மருந்து அன்று. எதிர்ப்பு தெரிந்துவிட்டால் லீவோஃபிளாக்சசின் என்ற மருந்தைச் சேர்த்து ஆறு மாதத்திலேயே குணப்படுத்த வழி இருக்கிறது. தெரிந்தவருக்கு மட்டுமே அந்த வழி.

இன்னும் பெரிய சான்று ஒன்று உண்டு. ஐந்து கண்டங்களிலிருந்து 5,310 கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, எந்த எதிர்ப்பு முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று கணக்கிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. எல்லா மரபுவழியிலும் எல்லா நாட்டிலும் விடை ஒன்றுதான்: கேட்-ஜி 315 மாற்றம் முதலில், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு பின்னர். தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெரி ஊரின் கதை இதை மனதில் பதிய வைக்கும். 2005-06இல் அங்கே ஏறக்குறைய எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய் 53 பேரைத் தாக்கியது. 52 பேர் இறந்தார்கள். எச்.ஐ.வி. தொற்று அந்தச் சாவுகளில் பெரும்பங்கு வகித்தது. அந்தக் கிருமிக் குடும்பத்தின் மரபணுக்களைப் பின்னோக்கிப் படித்தவர்கள், அதில் 315ஆவது இடத்து மாற்றம் 1957 வாக்கிலேயே நேர்ந்துவிட்டது என்று கணித்தார்கள். ஐசோனியசிட் வந்து ஐந்தே ஆண்டு! அதற்குப் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முழுவதும் ஒவ்வொரு மருந்தாக அந்தக் கிருமி தாண்டிக்கொண்டு வந்திருக்கிறது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டும் தேடும் சோதனை இந்தப் பயணத்தின் பிற்பகுதியில்தான் மணி அடிக்கும். ஐசோனியசிட்டைக் கேட்கும் சோதனை முதல் படியிலேயே அடிக்கும்.

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் எழுந்து, "ஐயா, காசநோய் ஏழ்மையின் நோய். வயிற்றுக்குச் சோறில்லாதவனிடம் போய் 944ஆவது எழுத்தைப் பற்றிப் பேசுகிறீர்களே" என்று கேட்டால் அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்ததாலேயே அவர்களுக்கு நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நம் மாநிலத்தில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளி வந்த உடனேயே எடை, மூச்சின் வேகம், துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை மருத்துவமனையில் சேர்க்கிறது. அதற்கு மரபணுச் சோதனை ஏதும் தேவையில்லை. நோய் யாரைப் பிடிக்கும், யாரைச் சாய்க்கும் என்பதில் உணவுக்கு உள்ள பங்கை நொதியால் மறைக்க முடியாது. கினிப்பன்றியில் தோற்ற தென்னிந்தியக் கிருமி மனிதரிடம் வென்றதற்கும் அந்நாளைய நெரிசலும் பட்டினியும் துணை நின்றிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால், 315இல் மாறிய கிருமியைச் சோறு திருத்தாது. நன்றாகச் சாப்பிட்டு, ஒரு நாள் தவறாமல் மாத்திரை விழுங்கிய ஏழைக்கும் அந்த மாத்திரைகளில் ஒன்று வெறும் மாவாகவே இருக்கும். நோய் திரும்பி வந்தால், 'ஒழுங்காக மருந்து சாப்பிடவில்லை' என்ற பழியும் அவர் தலையில் விழும். சோதனையை ஏழைக்கு எதிரான ஆடம்பரமாகப் பார்ப்பதைவிட, அவருக்கு நாம் செய்ய வேண்டிய நியாயமாகப் பார்ப்பதே சரி.

நோயாளியின் உடலிலும் இப்படிப்பட்ட வேறுபாடு உண்டு என்பதை இங்கே சுருக்கமாகச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். ஐசோனியசிட்டை நம் கல்லீரலில் உள்ள நொதி ஒன்று செயலிழக்கச் செய்து வெளியேற்றுகிறது. சிலரிடம் அது வேகமாக வேலை செய்யும், சிலரிடம் மெதுவாக. 1960களில் சென்னையில் கங்காதரம் முதலியோர் இதை அளந்தார்கள். தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மெதுவான வகை. மெதுவானவர்களுக்குக் கைகால் மரத்துப்போகும் பக்கவிளைவு வரக்கூடும், அதற்கு பி6 வைட்டமின் கொடுக்க வேண்டும். வேகமானவர்களுக்கு வாரம் ஒருமுறை மருந்து கொடுத்த சிகிச்சை முறை போதவில்லை. கிருமியின் நொதியும் மனிதரின் நொதியும் ஒரே மாத்திரையை இரண்டு பக்கமும் இழுக்கின்றன.

செலவு, ஆள் பற்றாக்குறை என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஐசோனியசிட் எதிர்ப்பையும் சேர்த்து விரைவாகக் கண்டறியும் கருவிச் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அது எல்லாத் தாலுகா மருத்துவமனைக்கும் வரும் வரை, இருக்கிற எல்.பி.ஏ. ஏற்பாட்டை ஒழுங்காகப் பயன்படுத்துவதற்குப் புதிய பணம் வேண்டியதில்லை. குப்பி போனதா, விடை வந்ததா என்று கேட்கும் அக்கறை போதும்.

தறி உரிமையாளர்களே, உங்கள் கூடத்தில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தால் கூலியைப் பிடிக்காமல் ஒரு நாள் விடுப்புக் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். நோயாளியின் வீட்டாரே, 'ரிஃபாம்பிசின் கேட்கும்' என்று சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள். "ஐ.என்.எச். (ஐசோனியசிட்) பரிசோதனைக்கும் அனுப்பிவிட்டீர்களா? முடிவு எப்போது வரும்?" என்று கேளுங்கள். மருந்தை அன்றே தொடங்குங்கள், ஒரு நாளும் விடாதீர்கள். இரண்டாவது சளிக்குப்பியையும் கொடுங்கள். அதன் முடிவைக் கையில் வாங்கும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.